கலீனாவின் பழைய கட்டடங்களைப் பார்க்கும் முறை

அமெரிக்கச் சிற்றூரான கலீனாவின் மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டடத்தின் வயதைக் கணிக்க விரும்புபவர், முதலில் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குச் சென்று அண்ணாந்து பார்க்க வேண்டும். தரைத்தளத்துக் கண்ணாடியும் கதவும் பெயர்ப்பலகையும் வியாபாரத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்திருக்கும். மேல்தளங்களில் கைவைக்கும் தேவை அவ்வளவாக எழாததால், பழைய வேலைப்பாடு அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் இந்தச் சிற்றூர், 19ஆம் நூற்றாண்டில் காரீயச் சுரங்கங்களால் செழித்தது. ஊரின் பெயரே காரீயத் தாதுவின் பெயர்தான். பின்னர் ஆறு தூர்ந்து, படகுப் போக்குவரத்து குறைந்து, சுரங்கத் தொழிலும் நலிந்தபோது, பழையவற்றை இடித்துப் புதிதாகக் கட்டும் வசதி ஊருக்கு இல்லாமல் போயிற்று. 1969இல் இப்பகுதி வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது என்றாலும், அதற்கு வெகுகாலம் முன்பே இக்கட்டடங்களைக் காத்தது அந்த வறுமைதான் என்பேன்.

மேலே பார்க்கும்போது கூரை விளிம்பையும் ஜன்னல்களின் தலைப்பகுதியையும் சேர்த்துக் கவனியுங்கள். முன்தள்ளிய விளிம்பும், அதன் அடியில் வரிசையாக அமைந்த தாங்கிகளும், உயர்ந்து ஒடுங்கிய ஜன்னல்களும் இருந்தால் அது பெரும்பாலும் இத்தாலிய பாணி. 1860இல் கட்டப்பட்டு, 1865இல் ஊர்ப் பிரமுகர்கள், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெனரல் கிராண்ட்டுக்கு அன்பளிப்பாக அளித்த செங்கல் வீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முக்கோண முகப்பும் அலங்காரம் குறைந்த சமச்சீர் அமைப்பும் கிரேக்க மறுமலர்ச்சிப் பாணியின் அடையாளங்கள். 1840களின் நடுவில் எழுந்த பழைய சந்தைக் கட்டடத்தில் அவற்றைக் காணலாம்.

அடுத்து சுவரின் அருகே செல்லுங்கள். செங்கற்களின் நீளப்பக்கம் சில வரிசைகளுக்குத் தொடர்ந்து தெரிந்து, பிறகு ஒரு வரிசையில் மட்டும் அவற்றின் குறுகிய முனைகள் தெரிந்தால், அந்த முனைக்கற்கள் சுவரின் முன் அடுக்கையும் பின் அடுக்கையும் பிணைக்கின்றன என்று பொருள். இடைக்காரையையும் பாருங்கள். பழைய சுண்ணாம்புக் காரை மென்மையானது என்பதால் சுவரின் அசைவையும் ஈரத்தையும் தானே ஏற்றுக்கொள்ளும். பழுதுபார்க்கிறோம் என்று அவ்விடத்தில் கெட்டியான சிமென்ட்டைத் திணித்திருந்தால், ஈரம் செங்கல் வழியே வெளியேற முயன்று, பனிக்காலத்தில் உறைந்து, செங்கல்லின் முகத்தையே உரித்துவிடும். அப்படி உரிந்த கற்களை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு எந்த ஊரிலும் அவை கண்ணுக்குத் தப்பாது.

கடைமுகப்பின் தூண் வார்ப்பிரும்பா மரமா என்ற ஐயம் எழுந்தால் சிறு காந்தம் போதும். தூண் இரும்பென்றால், பெயின்ட் எத்தனை பூச்சு இருந்தாலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும்.

உயரத்தை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். 1855இல் திறக்கப்பட்ட டிசோட்டோ ஹவுஸ் விடுதிக்குத் தொடக்கத்தில் ஐந்து தளங்கள் இருந்தன. பின்னாளில் மேலிரண்டு தளங்களை அகற்றிவிட்டார்கள். ஆகவே ஒரு கட்டடத்தின் மேல்விளிம்பு அதன் ஜன்னல்களோடு பொருந்தாததுபோல் தோன்றினால், அங்கே ஏதேனும் நீக்கப்பட்டிருக்குமா என்று பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.