கார்டிஃப்பிலிருந்து ஒரே நாளில் இரண்டு கோட்டைகளும் கடற்கரையும்

காலையில் வேல்ஸின் தலைநகரான கார்டிஃப்பின் சென்ட்ரல் நிலையத்தில் ரிம்னி பாதை ரயிலைப் பிடியுங்கள். சுமார் 20 நிமிடத்தில் கேர்ஃபில்லி. கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது, 2 மணி நேரமாவது வேண்டும். 1268இல் கில்பர்ட் டி கிளேர் என்ற பிரபு கட்டத் தொடங்கிய கோட்டை இது, வேல்ஸிலேயே பெரியது. உள்ளே நுழையுமுன் அகழியை ஒட்டி நடந்து தென்கிழக்குக் கோபுரத்தைப் பாருங்கள். சுமார் 10 பாகை வெளிப்பக்கம் சாய்ந்து, இதோ விழப்போகிறது என்பதுபோல் நிற்கும்.

அடுத்தது காஸ்டெல் கோக் கோட்டை. பலர் தடுமாறுவது இங்கேதான்: அதற்கு அருகிலுள்ள டாஃப்ஸ் வெல் நிலையம் வேறு ரயில் பாதையில் இருக்கிறது. டாக்சியே சுலபம். பேருந்தில் டாங்வின்லைஸில் இறங்கினால் செங்குத்தான ஏற்றம். வழுக்காத காலணி அவசியம். வெளியே இடைக்காலத் தோற்றம், உள்ளே 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் பர்ஜஸ் வடிவமைத்த அறைகள். வரவேற்பறையில் அண்ணாந்து பாருங்கள்: கூரை விலாக்களில் வண்ணத்துப்பூச்சிகள், இடையே பறவைகள்.

இரண்டு கோட்டைகளையும் பராமரிப்பது ‘கடு’ (Cadw) என்ற வேல்ஸ் அரசு அமைப்பு. அதன் கோட்டைகளைப் பார்ப்பதற்கான நுழைவு அட்டை நகர நடுவிலுள்ள கார்டிஃப் கோட்டையில் செல்லாது, அதற்குத் தனிச்சீட்டு.

மாலை கார்டிஃப் விரிகுடாவுக்கு. வேல்ஸ் நாடாளுமன்றமான செனெட் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் தடுப்பணைமேல் நடக்கலாம். காற்று பலமாக வீசும், குடையைவிட மழைச்சட்டைதான் உதவும்.