பேக்கேஜ் போடும்போது கம்பைலர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலையில் ஒரு பள்ளி லேபுக்காகத் தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் ஒன்றை டெபியன் லினக்ஸ் பேக்கேஜாக, அதாவது நிறுவத் தயாரான ஒரே ஃபைலாக, உருவாக்கினேன். நாகர்கோவிலில் என் கணினியில் ஒரே நிமிடத்தில் பில்ட் ஆகிவிட்டது, அதாவது சோர்ஸை கம்பைலர் ஓடும் நிரலாக மாற்றி முடித்துவிட்டது. அதே சோர்ஸை மார்த்தாண்டத்து நண்பர் பில்ட் செய்தால், ஜிடிகே (ஜன்னல், பட்டன் வரையும் லைப்ரரி) ஹெடர் ஃபைலைக் காணோம் என்று நின்றுவிட்டது.

அந்த ஹெடர்கள் இருக்கும் ஜிடிகேயின் 'டெவ்' பேக்கேஜை எப்போதோ வேறு வேலைக்காக நான் போட்டு வைத்திருந்தேன். அதனால் பேக்கேஜின் விவரங்களை எழுதும் கன்ட்ரோல் ஃபைலில், பில்டுக்குத் தேவையானவற்றைச் சொல்லும் 'பில்ட்-டிபெண்ட்ஸ்' வரியில் அது விடுபட்டது எனக்குத் தெரியவே இல்லை. அதிகம் நடக்கிற தவறு இதுதான். வருடக்கணக்கில் புழங்கிய கணினியில் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். எதை எழுத மறந்தோம் என்று அது காட்டிக்கொடுக்காது. எஸ்பில்ட் அல்லது பிபில்டர் என்ற கருவியை வைத்து பில்ட் செய்யுங்கள். அவை வெறும் அடிப்படை சிஸ்டத்தில் ஆரம்பித்து, நீங்கள் எழுதியதை மட்டும் நிறுவும். எழுதாதது அங்கே இருக்காது.

ஜிசிசி (கம்பைலர்), மேக் (பில்டை நடத்தும் கருவி), சி லைப்ரரியின் ஹெடர்கள் ஆகியவை 'பில்ட்-எசென்ஷியல்' தொகுப்பிலேயே வருவதால் அவற்றை எழுத வேண்டியதில்லை. சிமேக் (பில்டைத் தயார் செய்யும் கருவி), பிகேஜி-கான்ஃபிக் (லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி) இரண்டும் அதில் கிடையாது, தேவைப்பட்டால் கட்டாயம் எழுத வேண்டும். பிகேஜி-கான்ஃபிக் இல்லாமல், கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் ஓடினால், அந்த ஸ்கிரிப்டில் 'சின்டாக்ஸ் எரர்' என்று வரும். ஸ்கிரிப்டில்தான் கோளாறு என்று நினைத்து அரை நாள் தேடுவார்கள்.

அப்புறம், மென்பொருள் ஓடத் தேவையானவற்றைச் சொல்லும் 'டிபெண்ட்ஸ்' வரி வேறு, 'பில்ட்-டிபெண்ட்ஸ்' வேறு. தட்டச்சு பழக வரும் பிள்ளையின் கணினிக்கு ஜிசிசி எதற்கு? ஓடும்போது தேவைப்படும் லைப்ரரிகளையும் கையால் எழுதாதீர்கள். 'ஷ்லிப்ஸ்:டிபெண்ட்ஸ்' என்ற மாறியைப் போட்டால், பில்ட் ஆன பைனரியைப் பார்த்து டிபிகேஜி கருவியே பெயரையும் பதிப்பையும் நிரப்பிவிடும். டெபியன் பேக்கேஜ்களையே பயன்படுத்தும் உபுண்டுவின் 22.04 பதிப்பில் ஜிலிப்சி (சி லைப்ரரி) 2.35, 20.04-இல் 2.31. புதியதில் பில்ட் செய்ததைப் பழையதில் போட்டால், அந்த மாறி இருக்கும் பட்சத்தில் பெரும்பாலும் நிறுவும்போதே புதிய ஜிலிப்சி வேண்டும் என்று மறுத்துவிடும். கையால் எழுதியிருந்தால் சமர்த்தாக நிறுவிக்கொண்டு, பிள்ளைகள் திறக்கும்போது 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று விழும். பில்ட் செய்யும் பிராசசருக்கென்றே நிரலைத் தயாரிக்கச் சொல்லும் 'மார்ச்=நேட்டிவ்' என்ற கம்பைலர் கொடியும் இப்படித்தான்: பில்ட் செய்த கணினியில் பறக்கும், பழைய பிராசசரில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று செத்துவிடும்.

2024-இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதைப் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. முன்பு வெறும் எச்சரிக்கைதான். உடனே பலர் ஜிசிசி 13 வேண்டும் என்று பேக்கேஜில் பூட்டிவிடுகிறார்கள். சரி, இன்றைக்கு வேலை நடக்கும். டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) அந்தப் பழைய கம்பைலரை எடுத்துவிட்டால் பேக்கேஜும் அதோடு போய்விடும். அந்த ஃபங்ஷனை அறிவிக்கும் ஹெடரைச் சேர்க்கும், விடுபட்ட 'இன்க்ளூட்' வரியை எழுதுவது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. அதைச் செய்துவிடுங்கள்.

பில்ட் நடுவில் நெட்டிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடியில் லைன் போனால் பில்டும் நின்றுவிடும். டெபியன் கொள்கையும் இதை அனுமதிப்பதில்லை.

தக்கலை லேபில் இருந்ததிலேயே பழையது 20.04. அதே பதிப்பில் ஒரு க்ரூட் (கணினிக்குள் தனியாக ஒதுக்கிய இன்னொரு சிஸ்டம்) உருவாக்கி, அதற்குள் மறுபடி பில்ட் செய்தேன். அந்த ஒரே டெப் ஃபைல் 22.04 கணினிகளிலும் ஓடுகிறது.