மின்னஞ்சலின் முதல் வரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலக மின்னஞ்சலில் ஒருவரைத் தவறான பெயரில் விளிப்பதே எல்லாவற்றிலும் பெரிய பிழை என்று கருதுகிறேன். அதன் பிறகு எவ்வளவு பணிவாக எழுதினாலும், தம் பெயரைக்கூடச் சரிபார்க்காமல் அனுப்பப்பட்ட மடல் என்ற எண்ணம்தான் பெறுபவருக்கு முதலில் எழும். நம்மிடையே இப்பிழை நேரும் வழி சற்றுத் தனியானது. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்கிறோம், தாய் பெயரின் முதலெழுத்தையும் சேர்ப்போர் உண்டு. கடவுச்சீட்டிலும் இணையப் படிவங்களிலும் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் தந்தை பெயரை நிரப்புவதால், ச. கவிதா என்பவர் அங்கே கவிதா சண்முகம் ஆகிவிடுகிறார். அந்தப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ‘மதிப்பிற்குரிய திரு. சண்முகம் அவர்களுக்கு’ என்று ஒருவர் தொடங்கினால், கவிதாவுக்கு எழுதும் மடலில் அவருடைய தந்தைக்கு வணக்கம் சொன்னதாக ஆகும்.

அவர் முன்பு அனுப்பிய மடலின் அடியில் தம் பெயரை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்து, அப்படியே எழுதுவதுதான் இதற்கு வழி. ‘எஸ். கவிதா’ என்று கையொப்பமிடுபவரை நாமாக ‘ச. கவிதா’ என்று திருத்தவும் வேண்டாம்; தலைப்பெழுத்து தமிழில் இருப்பதே எனக்கும் விருப்பம், ஆயினும் பெயர் அவருடையது.

ஒரு பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்று ஊகித்துத் திருமதி, செல்வி என எழுதுவதைவிட, ‘திருமிகு’ என்றோ வெறுமனே ‘கவிதா அவர்களுக்கு’ என்றோ எழுதுவது நன்று. பெறுபவர் யாரென்றே தெரியாத நிலையில் ‘ஐயா/அம்மையீர்’ பொருந்தும். பெயர் தெரிந்த பிறகும் அதையே எழுதுவது அக்கறையின்மையாகத் தோன்றும். மறுபுறம், அமைச்சருக்கும் நீதிபதிக்கும் உரிய ‘மாண்புமிகு’ என்ற அடைமொழியை மாநகராட்சி உதவிப் பொறியாளருக்குச் சூட்டினால், அது மரியாதையாகாமல் முகத்துதியாகவே படும்.

‘காலை வணக்கம்’ என்று அனுப்பும் மடலை அவர் இரவில் திறக்கலாம், அல்லது வேறு நாட்டில் இருக்கலாம் என்பதால், ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லே போதுமானது.

அதற்கு அடுத்த வரியை நலம் விசாரிப்பதிலும் தம்மைப் பற்றிய நீண்ட அறிமுகத்திலும் செலவிடுவோர் பலர். கைப்பேசியின் அஞ்சல் பட்டியலில் பொருள் வரியுடன் மடலின் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும். அவற்றைக் கொண்டுதான் உடனே திறப்பதா, பிறகு பார்ப்பதா என்பதை ஒருவர் முடிவு செய்கிறார். ஆகவே, ‘மார்ச் 12 அன்று நான் அளித்த குடிநீர் இணைப்பு விண்ணப்பத்தின் நிலையை அறிய எழுதுகிறேன்’ என்பது போல, நாளும் பொருளும் தெரியும் வாக்கியத்துடன் தொடங்க வேண்டும். முதல் வரியில் ‘தாங்கள்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் ‘நீங்கள்’ என்று மாறுவதும் உறுத்தும். எதைத் தேர்ந்தாலும் இறுதிவரை அதையே கையாள வேண்டும்.

பழைய மடலை நகலெடுத்துப் புதியவருக்கு அனுப்பும்போது முந்தையவரின் பெயர் விளிப்பில் மட்டுமன்றி மடலின் நடுவிலும் எங்காவது தங்கியிருக்கக்கூடும் என்பதால், பெறுநர் முகவரியை இடுவதற்கு முன்பே மடல் முழுவதையும் ஒருமுறை படித்துவிட வேண்டும்.