கண்காட்சி மேசையில் கடலடியை நகர்த்துவது எப்படி

விஞ்ஞானக் கண்காட்சியில் புவித்தகடு (பூமியின் மேற்பகுதியாக அமைந்த பெரிய பாறைத் துண்டுகளில் ஒன்று) என்றால் பெரும்பாலும் ஒரு சட்டி சுடுதண்ணீரும் அதில் மிதக்கும் நாலு ரெஜிபோம் துண்டுகளும்தான். தண்ணீர் கொதிக்கும், துண்டுகள் விலகும், பக்கத்தில் நிற்கும் பிள்ளை பாடமாக்கியதை ஒப்புவிக்கும். பார்க்க வந்தவர், கண்டங்கள் நெருப்புக் குழம்பில் மிதக்கின்றன என்று நினைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அது பிழை. தகடுகளுக்குக் கீழே உள்ள மான்டில் திண்மப் பாறை. கடும் வெப்பத்தில், மனிதக் கண்ணுக்குத் தெரியாத மெதுவில் அது உருமாறுகிறது, அவ்வளவுதான். தகடுகளை நகர்த்தும் பெரிய விசையும் கீழே இருந்து வரும் கொதிப்பு அல்ல. குளிர்ந்து கனத்த கடற்தகட்டின் நுனி, கடலடியின் ஆழமான பள்ளமான அகழிக்குள் மூழ்கும்போது மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது.

கீழே உள்ள மூன்று மாதிரிகளுக்கும் அடுப்பு தேவையில்லை. முதலாவதில்தான் வேலை அதிகம். நேரம் குறைவென்றால் அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே போதும்.

வரியோடிய கடலடி

1963 இல் பிரெட் வைனும் டிரம்மண்ட் மத்தியூசும் கடலடி விரிகிறது என்பதற்கு ஒரு சான்றைக் காட்டினார்கள். அவர்கள் கையில் இருந்த காந்த அளவீடுகளில் முக்கியமானவை மாலைதீவுக்கு மேற்கே, நம்முடைய இந்து சமுத்திரத்தில் கிடக்கும் கால்ஸ்பேர்க் முகட்டில் (தகடுகள் விலகும் இடத்தில் கடலடியில் நீளும் மலைத்தொடர்) எடுக்கப்பட்டவை. பாடநூல்கள் அத்திலாந்திக்கையே காட்டிக்கொண்டிருக்கின்றன. இங்கே செய்யும் மாதிரிக்குக் கால்ஸ்பேர்க்தான் பொருத்தம்.

முகட்டில் புதிய எரிமலைப் பாறை ஆறும்போது அந்தக் காலத்துப் புவிக்காந்தத்தின் திசை அதில் பதிந்துவிடும். காந்தத் திசை இடையிடையே தலைகீழாகும். ஆகவே முகட்டின் இரு பக்கமும் கண்ணாடி பார்த்ததுபோல ஒரே வரிசையில் வரிகள் விழுகின்றன. இந்த வரிகளை உண்மையான காலக் கணக்கில் வரையப் போகிறோம்.

தேவையானவை: ஒரு டிமை தாள், பெரிய மட்டைப் பெட்டி ஒன்றின் பக்கம் (70 × 25 செ.மீ.), இரண்டு கதிரைகள், 12 செ.மீ. நீளத்தில் ஒரு முற்றிய ஈர்க்கு, இரண்டு மூங்கில் தடி, செலோரேப், கறுப்பு மார்க்கர், அடிமட்டம். இதைச் சப்பாத்துப் பெட்டியில் செய்வதுண்டு. 30 செ.மீ. நீளம் போதாது. தாள் விளிம்பைத் தாண்டியதும் கீழே தொங்கி, பார்ப்பவருக்கு அகழிக்குள் மூழ்குவதுபோலத் தெரியும். கால்ஸ்பேர்க்கின் இரு கரையிலும் அப்படி எதுவும் இல்லை. ஒரு பக்கம் இந்தியத் தகடு, மறுபக்கம் ஆபிரிக்காவின் கிழக்குத் துண்டான சோமாலித் தகடு.

மட்டையின் நடுவில், குறுக்காக, 10.5 செ.மீ. நீளமும் 3 மி.மீ. அகலமும் உள்ள பிளவு ஒன்றை வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் மட்டையின் நார் சிலும்பி நிற்கும், தாள் அதில் மாட்டிக் கிழியும். இரு விளிம்பையும் செலோரேப்பால் மடித்து ஒட்டிவிடுங்கள். மட்டை நடுவில் தொய்யாதிருக்க, நீளப் பக்கங்களின் அடியில் மூங்கில் தடிகளை ஒட்டி, இரண்டு கதிரைகளுக்கு நடுவே பாலம் போட்டதுபோல வையுங்கள்.

டிமை தாளில் 50 × 10 செ.மீ. பட்டி ஒன்றை வெட்டி, நடுவில் மடியுங்கள். மடிப்புத்தான் இன்றைய நாள், வயது பூச்சியம். மடிப்பில் இருந்து இரு பக்கமும் இந்தத் தூரங்களில் கோடு கீறுங்கள் (1 செ.மீ. = 2 இலட்சம் ஆண்டு):

0 – 3.9 கறுப்பு
3.9 – 4.95 வெள்ளை
4.95 – 5.35 கறுப்பு
5.35 – 8.9 வெள்ளை
8.9 – 9.75 கறுப்பு
9.75 – 12.9 வெள்ளை
12.9 – 15.2 கறுப்பு
15.2 – 15.55 வெள்ளை
15.55 – 16.1 கறுப்பு
16.1 – 16.65 வெள்ளை
16.65 – 18 கறுப்பு

கறுப்பு, காந்தம் இன்று இருக்கும் திசையில் இருந்த காலம். வெள்ளை, தலைகீழாக இருந்த காலம். 3.9 செ.மீ. என்பது 7 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டு. கடைசியாகத் தலைகீழானது அப்போதுதான். மீதி 7 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும், அது கைபிடி. ஒரு நுனியில் இந்தியாவும் இலங்கையும், மறு நுனியில் சோமாலியாவும் ஒட்டலாம். வரிகளின் அளவுத்திட்டத்துக்கும் கண்டங்களின் அளவுத்திட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். நடுவராக வரும் ஆசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.

அடிக்கடி நடக்கும் பிழை, அளவைத் தாளின் நுனியில் இருந்து எடுப்பது. அப்போது வயது தலைகீழாகிவிடும். முகட்டின் பக்கத்தில் மிகப் பழைய பாறை, கரைப் பக்கம் புதிய பாறை என்று வந்து நிற்கும். மடிப்பில் இருந்துதான் எப்போதும் அளக்க வேண்டும். மார்க்கரால் முழுதாகப் பூசுவதும் வேண்டாம். தாள் ஈரத்தில் சுருண்டு பிளவில் இறுகும். 2 மி.மீ. இடைவெளியில் சாய்கோடு போட்டால் போதும், தூரத்தில் இருந்து பார்க்கக் கறுப்பாகவே தெரியும்.

மடிப்புக்குள் ஈர்க்கைச் செருகி, இரண்டு நுனிகளையும் கீழிருந்து பிளவு வழியே மேலே எடுத்து, வலமும் இடமுமாகப் படுக்க வையுங்கள். ஈர்க்கு பிளவைவிட நீளம் என்பதால் மடிப்பு மேலே வந்துவிடாது. இருவர் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். பழைய வரிகள் விலகிப் போக, புதியவை நடுவில் பிறந்துகொண்டே இருக்கும். மட்டையின் மேல் பிளவில் இருந்து இரு பக்கமும் சென்ரிமீற்றர் குறித்து வைத்தால், ஒருவர் கெதியாக இழுத்தாரா என்று உடனே தெரியும்.

இனிக் கணக்கு. கால்ஸ்பேர்க்கில் ஒரு பக்கம் ஆண்டுக்கு 1.2 செ.மீ. விரிகிறது என்று வைத்துக்கொண்டால், நம் தாளில் 12.9 செ.மீ. தூரத்தில் உள்ள எல்லை (25 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டு) உண்மையில் முகட்டில் இருந்து சுமார் 31 கி.மீ. தள்ளிக் கிடக்கும். ஆய்வாளர்கள் செய்வது இதன் மறுவழி. 31 கிலோமீற்றரைக் கப்பலில் அளந்து, வயதால் பிரித்து, 1.2 ஐக் கண்டுபிடிக்கிறார்கள். அது அரை வேகம். இரு பக்கமும் சேர்த்தால் 2.4 செ.மீ. இந்த இரண்டையும் மாறாட்டம் செய்வது மாணவர் விடைத்தாள்களில் மட்டுமல்ல, இணையத்திலும் ஏராளம். ஒப்பிட ஒன்று: கிழக்குப் பசிபிக் முகட்டில் முழு வேகம் ஆண்டுக்குச் சுமார் 15 செ.மீ. வரை போகும். அதே காலத்துக்கு வரிகள் ஆறு மடங்கு அகலம்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இங்கே மடக்கும்: "இந்தியத் தகடு ஆண்டுக்கு ஐந்து செ.மீ.க்கு மேல் நகருகிறது என்று படித்தோமே, இங்கே 2.4 தானே வருகிறது?" இரண்டும் சரி. ஜீ.பீ.எஸ். அளவீட்டில் நம் பகுதி வடகிழக்காக ஆண்டுக்கு ஏறக்குறைய 5.5 செ.மீ. போகிறது. ஆனால் ஆபிரிக்காவின் கிழக்குப் பக்கமும் ஏறக்குறைய அதே திசையில் 3 செ.மீ. போகிறது. ஒரே வீதியில் முன்னே ஒரு மோட்டார் சைக்கிளும் பின்னே ஒரு சைக்கிளும் போனால், இடைவெளி கூடுவது வேக வித்தியாசத்தால் மட்டும்தானே. முகட்டின் வரிகளில் எழுதப்படுவது அந்த வித்தியாசம். முகடும் அசையாமல் நிற்பதில்லை, அதுவும் நகருகிறது.

5.5 ஐ மனதில் நிறுத்த ஒரு கணக்கை அட்டையில் எழுதி வையுங்கள்: போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தது 1619. 2019 வரை 400 ஆண்டு. 400 × 5.5 = 2,200 செ.மீ. அதாவது 22 மீற்றர். கோட்டை, நல்லூர், பண்ணைப் பாலம் நிற்கும் நிலம், எல்லாமே ஒன்றாக நகர்ந்ததால் எவருக்கும் தெரியவில்லை.

இழுக்கும் துவாய்

தகட்டை இழுப்பது அதன் மூழ்கும் நுனிதான் என்பதைக் காட்ட ஒரு துவாய், ஒரு வாளி தண்ணீர், வழுவழுப்பான மேற்பரப்புள்ள மேசை போதும். 130 செ.மீ. அளவான காய்ந்த துவாயை மேசையில் விரித்து, 25 செ.மீ. மட்டும் விளிம்பில் தொங்க விடுங்கள். அது அசையாது நிற்கும். வாளியைக் கீழிருந்து உயர்த்தித் தொங்கும் பகுதியை நனையவிட்டு, வாளியை இறக்குங்கள். நனைந்த பகுதியின் பாரம் துவாய் முழுவதையும் சறுக்கி இழுக்கும். விளிம்புக்குக் கீழே 8 செ.மீ. வரை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் விளிம்புக்கு ஏறினால் துணி மேசையில் ஒட்டிப்பிடித்து எதுவும் நகராது. அப்படியும் அசையாவிட்டால் இன்னும் 5 செ.மீ. தொங்க விட்டுப் பாருங்கள்.

இப்போது துவாயின் நடுவில் ரெஜிபோம் கட்டி ஒன்றை வையுங்கள், அது கண்டம். ஊசியால் துவாயோடு குத்திப் பிணைக்காவிட்டால் துவாய் அடியால் உருவிக்கொண்டு போகும், கண்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். மேசை விளிம்பில் இரண்டு நெருப்புப்பெட்டிகளை வைத்து அவற்றின் மேல் அடிமட்டத்தைக் குறுக்காக ஒட்டுங்கள். துவாய் அடிமட்டத்துக்குக் கீழால் போகும், கட்டி முட்டிக்கொள்ளும், இழுவையும் நின்றுவிடும். கண்டப் பாறையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 2.7 கிராம், மான்டிலுடையது 3.3. அதனால் கண்டம் மூழ்க மறுக்கிறது. இந்தியா யூரேசியாவில் முட்டமுன் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேலான வேகத்தில் வந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் முட்டத் தொடங்கியபின் அந்த வேகம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இந்த மேசையில் நிச்சயம் கேட்பார்கள், சுனாமியைப் பற்றி. பதிலை ஆயத்தமாக வையுங்கள். சுமத்திராவுக்கு மேற்கே உள்ள சுண்டா அகழியில் கடற்தகடு கீழே இறங்கும்போது மேல் தகட்டோடு இறுகிப் பிடிபட்டிருந்தது. 2004 டிசெம்பர் 26 அன்று, அன்றைய இலங்கை நேரப்படி காலை 6:58 க்கு, 1,200 கி.மீ.க்கும் மேலான நீளத்துக்கு அந்தப் பிடி விட்டது. அந்த நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடலடி திடீரென்று எழும்பியதால் மேலிருந்த நீர் முழுவதும் எழும்பியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலை கிழக்குக் கரையை அடைந்தது. வடமராட்சி கிழக்கில் இருந்தோ முல்லைத்தீவில் இருந்தோ வந்து நிற்பவர்களுக்கு இது பாடமல்ல, வீட்டு இழப்பு. துவாயை உதறிக் காட்டி விளக்க வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

மணலில் ஒரு இமயம்

உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று (ஏறக்குறைய 30 × 15 × 10 செ.மீ.), பெட்டியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய பிளைவூட் துண்டு, காய்ந்த மணல், காய்ந்த சிவப்பு மண், ஒரு கிண்ணம் கோதுமை மா. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கு நிறம் எடுப்பாகத் தெரியும். மணல் கட்டட மணலே போதும், அரித்து எடுங்கள். வீட்டு மா அரிதட்டை இதற்கு எடுத்தால் அம்மாவிடம் ஏச்சு நிச்சயம்.

மண்ணில் ஈரம் இருந்தால் முழு வேலையும் கெட்டுவிடும். கார்த்திகை மழைக்காலத்தில் அள்ளிய செம்மண் பார்க்கக் காய்ந்ததுபோல இருந்தாலும் கட்டி கட்டியாக நகரும், படை மடியாது. இரண்டு நாள் வெயிலில் பரப்புங்கள், அல்லது பழைய சட்டியில் வறுத்து ஆறவிடுங்கள். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் பொலபொலவென்று விழ வேண்டும்.

பிளைவூட்டைப் பெட்டியின் ஒரு முனையில் நிறுத்தி, மிச்ச இடத்தில் மணல் 1 செ.மீ., மா 2 மி.மீ., செம்மண் 5 மி.மீ., மா 2 மி.மீ., மணல் 1 செ.மீ. என்று படை படையாகப் பரப்புங்கள். ஒவ்வொரு படையையும் அடிமட்டத்தின் விளிம்பால் சமப்படுத்துங்கள், அழுத்த வேண்டாம். மாவைத் தடிப்பாகப் போட்டால் அது மடியாமல் வெடிக்கும். மா பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டால் உள்ளே நடப்பது தெரியாது. படை போடமுன் சுவரை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் அது பெருமளவு குறையும்.

பிளைவூட்டை நேராகப் பிடித்து, ஒரு தடவைக்கு அரை செ.மீ. அளவில் மெதுவாகத் தள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு செ.மீ.க்கு மேற்பரப்பு கொஞ்சம் உப்பும். பிறகு வெள்ளை மாக்கோடு திடீரென்று அறுந்து, ஒரு துண்டு மற்றதன் மேல் ஏறும். அந்த வெடிப்பின் சாய்வைக் கோணமானியால் அளவுங்கள், ஏறக்குறைய 30 பாகை வரும். தொடர்ந்து தள்ள, அதற்கு முன்னால் அடுத்த வெடிப்பு பிறக்கும், பழையது முதுகில் ஏறிக்கொள்ளும். இமயத்திலும் பெரிய உந்துபிளவுகள் இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நோக்கிப் பிறந்தன. கெதியாகத் தள்ளினால் வெடிப்பு எதுவும் தெரியாது, ஒரு குவியல்தான் மிஞ்சும்.

பொய் எங்கே என்றால், இந்த மலைக்கு வேர் இல்லை. திபெத்துக்குக் கீழே புவியின் மேலோடு ஏறக்குறைய 70 கி.மீ. தடிப்பு, வழமையான கண்டத்தைவிட இரு மடங்கு. பெட்டியின் அடித்தளம் தட்டையாக இருப்பதால் அதைக் காட்ட முடியாது. இன்னொன்றும் கேட்பார்கள்: "யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லும் இப்படித் தள்ளுண்டு மேலே வந்ததோ?" இல்லை. அது மியோசின் காலத்தில் (சுமார் 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை) ஆழமற்ற கடலில் படிந்தது, படைகள் இன்றும் ஏறக்குறையத் தட்டையாகவே கிடக்கின்றன. தகட்டின் விளிம்பு நமக்கு வெகு தூரம்.

ஒருமுறை தள்ளினால் படைகள் கலந்துவிடும், திருப்பிப் பிரிக்க முடியாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காட்டுவதென்றால் மாவும் மணலும் அந்தளவுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். கலந்த மண்ணை எறிய வேண்டாம், அடுத்த முறை ஆக அடியில் உள்ள படையாகப் போடலாம். மண்டபத்து மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.