மணி அடிக்காத நாட்களுக்குத் தயாராவது எப்படி?

பள்ளியில் மணி அடித்தால் பாடம் மாறும். வீட்டுப்பாடம் எங்கே என்று ஆசிரியர் கேட்பார். தேர்வு நெருங்கினால் வீட்டிலுள்ளவர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிடுவார்கள். கல்லூரியில் இந்தக் காவல் பெரும்பாலும் இருக்காது. முதல் பருவத்தில் தடுமாறும் மாணவர்கள் பலருக்கு அறிவில் குறை எதுவும் இல்லை. தம் நேரத்தைத் தாமே நிர்வகித்துப் பழகாததுதான் அவர்களுடைய சிக்கல். அந்தப் பழக்கத்தைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளிலேயே, யாரும் சொல்லாமல், தொடங்கிவிடலாம்.

முதலில் ஒரு நோட்டு வேண்டும். செயலி வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் கைப்பேசியைத் திறந்தவர் திட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுவதில்லை. ஞாயிறு மாலை இடப்பக்கத்தில் அந்த வாரத்துக்கு மூன்றே வேலைகளை எழுதுங்கள். வலப்பக்கத்தில் உண்மையில் நடந்ததை அன்றன்றே எழுதுங்கள். இடப்பக்கம் ‘புதன்: நிகழ்தகவு, ஒரு மணி நேரம்’ என்றிருந்தால், வலப்பக்கம் ‘20 நிமிடம்; மூன்றாம் கணக்கில் சூத்திரம் மறந்தது; தண்ணீர் குடிக்க எழுந்தவன் திரும்பவில்லை’ என்று இருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான்கு வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பது தெரியும். அடுத்த மாதம் அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

படிக்கும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில், வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் வாசித்தது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றுவதன் சூட்சுமம் இதுதான். ஒரு பாடத்தை முடித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அந்த வேறு நிறத்தில் உள்ளதுதான் மூன்று நாள் கழித்து நீங்கள் படிக்க வேண்டியது.

கல்லூரி வகுப்பு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே ருசி பார்க்கவும் வழி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2001-இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வேர் திட்டத்தில் பல பாடங்களின் குறிப்புகளும், சிலவற்றின் விரிவுரைக் காணொளிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் சேர நினைக்கும் துறையில் ஒரு விரிவுரையை நிறுத்தாமல், பின்னோக்கி ஓட்டாமல், குறிப்பெடுத்தபடியே முழுவதும் பாருங்கள். பாதி புரியாமல் போனாலும் பரவாயில்லை. புரியாத பாதியைத் தேடிப் போக மனம் வருகிறதா என்று கவனியுங்கள்; அந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்பதற்கு, மதிப்பெண் பட்டியலைவிட நம்பகமான அறிகுறி அது.

இவற்றோடு, ஆறு வாரத்தில் முடியக்கூடிய சொந்த வேலை ஒன்றைக் கையில் எடுங்கள்: தெருவில் வரும் பறவைகளின் கணக்கெடுப்போ, தாத்தாவின் நினைவுகளைப் பதிவுசெய்து எழுதுவதோ, சிறிய கணினி நிரலோ எதுவானாலும் சரி. முடிப்பதுதான் முக்கியம்; பாதியில் கிடக்கும் ஐந்தைவிட முடிந்த ஒன்று மேல். கைச்செலவுக்குக் கணக்கு எழுதுவது, தன் துணியைத் தானே துவைப்பது, ஆசிரியருக்கு நாலு வரியில் தெளிவாக மின்னஞ்சல் எழுதுவது போன்றவற்றை இடையிடையே பழகிக்கொள்ளலாம்.

விண்ணப்பக் கட்டுரையோ நேர்காணலோ வரும்போது ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பார்கள். ‘கடின உழைப்பாளி’ என்று எழுதத் தோன்றினால் நோட்டின் வலப்பக்கங்களைப் புரட்டுங்கள். மூன்றாம் வாரம் பறவைக் கணக்கு ஏன் தவறியது, அதன்பின் எண்ணும் நேரத்தை ஏன் காலைக்கு மாற்றினீர்கள் என்பதெல்லாம் அங்கே தேதியோடு இருக்கும்.