போரோமிர் எந்தப் பாகத்தில் சாகிறான்? நாவலையும் படத்தையும் பக்கத்தில் வைத்து வாசிப்பது எப்படி

ஹட்டனில் மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படியொரு ஆகஸ்ட் விடுமுறையில்தான் டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் கற்பனைச் சாகச நாவல் 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என் கைக்கு வந்தது. அதுவும் இரண்டாம் பாகம். கொழும்புக்குப் போன மாமா நடைபாதைக் கடையில் பார்த்து வாங்கி வந்திருந்தார். "முதல் பாகம் எங்க மாமா?" என்று கேட்டேன். "இருந்ததுல இதுதான்டா தடிப்பு" என்றார்.

முதல் அத்தியாயத்திலேயே போரோமிர் என்றொருவன் உடம்பெல்லாம் அம்பு தைத்து மரத்தடியில் சாகிறான். யார் இவன், ஏன் சாகிறான், ஒன்றும் விளங்கவில்லை. பிற்பாடு முதல் படத்தைப் பார்த்தால் அதே சாவு அந்தப் படத்தின் கடைசியில் வருகிறது! படத்தில் எதை வெட்டினார்கள் என்று எல்லோரும் தேடுகிறார்கள். எதை எங்கே தூக்கி வைத்தார்கள் என்று பார்ப்பதில்தான் ருசி அதிகம் என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

படி 1: புத்தகத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கிலத்துக்குப் பயமா? அப்படியென்றால் டோல்கீன் 1937இல் சிறுவர்களுக்காக எழுதிய 'த ஹொபிட்'டில் தொடங்குங்கள். ஓ.எல். ஆங்கிலத்தோடு தட்டுத்தடுமாறி முடித்துவிடலாம். ஆனால் அதைப் படத்தோடு ஒப்பிடும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் புத்தகத்தை மூன்று படங்களாக, ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு இழுத்திருக்கிறார்கள். முதல் பயிற்சிக்கு அது தலைவலி.

ஒப்பிடுவதற்கு நல்லது 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என்ற பெரிய நாவல்தான். 1954, 1955இல் மூன்று பாகமாக வந்தது. இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அதை வைத்து எடுத்த மூன்று படங்கள் 2001, 2002, 2003இல் வந்தன. டோல்கீன் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்திய காலத்துக் காகிதச் செலவைப் பார்த்துப் பதிப்பாளர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ஆகவே பாகம் முடிகிற இடத்தில் கதையும் முடிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தொடக்கத்தில் ஹொபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களைப் பற்றி வரும் நீண்ட முன்னுரையை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம், குற்றமில்லை.

படி 2: முதலில் வாசிப்பு, அப்புறம் படம்

ஒரு பாகத்தை முடித்துவிட்டு அதற்குரிய படத்தைப் பாருங்கள். ஏற்கெனவே படம் பார்த்தவர்கள் கவலைப்பட வேண்டாம். நம் தோட்டங்களில் மாசியில் காமன் கூத்து ஆடும்போது மன்மதன் எரியப்போவது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தும் விடியவிடிய குந்தியிருந்து, இந்த வருஷத்து ரதி போன வருஷத்து ரதியைப்போல அழவில்லையே என்று குறை சொல்கிறோம். ஒப்பீடு நமக்குப் புதிய வேலை இல்லை.

படி 3: ஒரு கொப்பி

பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் அத்தியாயம், இடம், கதையில் எத்தனை நாள் போகிறது என்பது. வலப்பக்கம் அதே சம்பவம் படத்தில் வரும் நிமிடம். நாள் கணக்கை விடாதீர்கள். பில்போ என்ற கிழட்டு ஹொபிட்டின் பிறந்தநாள் விருந்து முடிந்து, மந்திரவாதி கேண்டால்ஃப் திரும்பி வந்து, பில்போ விட்டுப்போன மோதிரம் தீய சக்தி கொண்டது என்ற உண்மையைச் சொல்ல நாவலில் 17 வருஷம் ஆகிறது. மோதிரத்தைச் சுமக்கும் ஹொபிட் ஃபுரோடோ ஊரை விட்டுக் கிளம்பும்போது அவனுக்கு வயது 50! படத்தில் அந்த இடைவெளி தெரிவதே இல்லை. நடந்து போகும் பயணமும் அப்படித்தான். லயத்திலிருந்து டவுனுக்குக் குறுக்குப் பாதையில் ஏறி இறங்கியவர்களுக்கு நாவலின் நடை காலில் தெரியும். படத்தில் கமரா மலைக்கு மேலே பறந்து இரண்டு நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடுகிறது.

படி 4: எந்தப் படப் பிரதி என்று பாருங்கள்

தியேட்டருக்கு வந்தது ஒன்று, பிறகு வெளியான நீண்ட பிரதி இன்னொன்று. மூன்றாம் படத்தின் நீண்ட பிரதி நான்கு மணி நேரத்தைத் தாண்டும். சாருமான் என்ற கெட்ட மந்திரவாதி சாகும் காட்சி அதில்தான் இருக்கிறது. இது தெரியாமல் நண்பனோடு அரை நாள் வாதாடியிருக்கிறேன்.

படி 5: ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள்

முழுக் கதையையும் ஒப்பிடப் போனால் கொப்பிதான் நிறையும். இடம் மாறிய ஒரு சம்பவத்தை எடுங்கள். நான் எடுப்பது ஷெலாப் என்ற ராட்சதச் சிலந்தி.

நாவலில் அது இரண்டாம் பாகத்தின் கடைசியில் வருகிறது. இரண்டாம் படமோ ஹெல்ம்ஸ் டீப் என்ற கோட்டையில் நடக்கும் சண்டையோடு முடிந்துவிடுகிறது. சிலந்தி மூன்றாம் படத்துக்குப் போய்விட்டது. கதையைக் குழப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். இப்போது நாவலின் பின்னிணைப்பில் உள்ள கால அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஹெல்ம்ஸ் டீப் சண்டை மார்ச் 3ஆம் திகதி இரவு. ஷெலாப்பின் குகைக்குள் ஃபுரோடோ நுழைவது 12ஆம் திகதி. மினாஸ் டிரித் நகருக்கு வெளியே நடக்கும் பெரும்போர் 15ஆம் திகதி. டோல்கீன் இரண்டாம் பாகத்தில் முதலில் ஆரகோர்ன் என்ற வீரனின் பக்கத்துக் கதையைச் சொல்லி முடிக்கிறார். அதன்பிறகுதான் ஃபுரோடோ, அவன் தோழன் சாம் கதைக்குத் திரும்புகிறார். படம் இரண்டையும் மாறிமாறிக் காட்டுகிறது. நாள் கணக்குப்படி பார்த்தால் சிலந்தி மூன்றாம் படத்தில் இருப்பதுதான் சரி!

வேலை இத்தோடு முடியவில்லை. சிலந்தியைத் தூக்கிய இடத்தில் ஒரு பள்ளம் விழுமே, அதை எதை வைத்து நிரப்பினார்கள் என்று தேடுங்கள். நாவலில் ஃபாரமிர் (போரோமிரின் தம்பி), தெருவில் கிடந்தாலும் அந்தப் பொருளை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, மோதிரத்தைத் தொடாமலே ஃபுரோடோவை விட்டுவிடுகிறான். படத்து ஃபாரமிர் ஃபுரோடோவையும் சாமையும் பிடித்து ஒஸ்கிலியாத் என்ற பாழடைந்த நகரம் வரை இழுத்துக்கொண்டு போய், அங்கேதான் மனம் மாறுகிறான். சிலந்தி இல்லாத படத்தில் ஃபுரோடோவுக்கு வேறொரு ஆபத்து வேண்டியிருந்தது, அந்தச் சுமையை ஃபாரமிரின் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது என் கணக்கு. நியாயம் புரிகிறது. ஆனாலும் அவனை அப்படிச் செய்ததை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

உங்களுக்கு ஒரு பயிற்சி

முதல் பாகத்தில் காயப்பட்ட ஃபுரோடோ ஆற்றைக் கடக்கும் இடத்தை எடுங்கள். நாவலில் குளோர்ஃபிண்டெல் என்ற வீரன் தன் குதிரையைக் கொடுக்கிறான். ஃபுரோடோ தனியாக அக்கரை சேர்ந்து, துரத்தி வந்த கறுப்புக் குதிரைக்காரர்களைப் பார்த்துத் திரும்பிப் போ என்று வாளைத் தூக்குகிறான். படத்தில் குளோர்ஃபிண்டெல்லே இல்லை. ஆரகோர்னின் காதலி ஆர்வென்தான் ஃபுரோடோவைக் குதிரையில் தூக்கிவந்து, வாளை உருவி அவர்களுக்குச் சவால் விடுகிறாள். அவளுக்கு ஒரு நல்ல காட்சி கிடைத்துவிட்டது. அதற்கான விலையை ஃபுரோடோ எப்படிக் கொடுத்தான் என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். கரண்ட் போயிருந்தால் இன்னும் நல்லது, எழுதி முடிக்கும்வரை படத்தைப் போட்டுப் பார்க்க முடியாது.