எண்ணெய் தின்னும் பாக்டீரியா: எங்கே தவறுகிறோம்?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரை ஒதுங்கிய கறுப்புக் கூழை ஆட்கள் வாளி வாளியாக அள்ளியதை நாம் எல்லோரும் படங்களில் பார்த்தோம். எண்ணெய் கசியும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: “எண்ணெய் தின்னும் பாக்டீரியாதான் இருக்கிறதே, அதைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன?”

நல்ல எண்ணத்தில் கேட்பதுதான். ஆனால் முதல் தவறே இந்தக் ‘கொட்டுவதில்’ இருக்கிறது.

கடலில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்களில் பேர்பெற்றது ஆல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ். வட கடலில் உள்ள ஜெர்மனியின் போர்க்கும் தீவை ஒட்டி இதன் பெயர் அமைந்தது. முறையாகப் பெயர் வைத்தது 1998இல். இதை ஆய்வகத்தில் உருவாக்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வேறு கதை. இந்தியாவில் பிறந்த அமெரிக்க விஞ்ஞானி ஆனந்த சக்ரவர்த்தி மரபணு மாற்றம் செய்த சூடோமோனாஸ் என்ற எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்கு 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை உண்டு என்றது, இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். ஆல்கனிவோராக்ஸ் இயற்கையானது. சுத்தமான கடல்நீரில் மிகக் குறைவாக இருக்கும், எண்ணெய் வந்தால் மளமளவெனப் பெருகும். குளுக்கோஸ் கொடுத்தால்கூடச் சீண்டாது. எண்ணெயில் உள்ள ஆல்கேன்கள் என்ற சங்கிலி வடிவ வேதிப்பொருள்கள்தான் அதற்குச் சாப்பாடு.

அது சாப்பிடுவதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எண்ணெய்த் துளியின் மேல் தோல் போல ஒட்டிப் படர்கிறது. எண்ணெய்க்குப் பழகிய பாக்டீரியாக்கள் சூழ்ந்ததும், உருண்டையாக இருந்த துளியிலிருந்து விரல் விரலாகக் குழாய்கள் முளைப்பதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பரப்பு கூடக்கூட இன்னும் நிறைய வாய்களுக்குப் பந்தியில் இடம் கிடைக்கிறது. கட்டியாகக் கிடக்கும் எண்ணெயில் இது நடக்காது, உள்ளே இருப்பதை அவை எட்டவே முடியாது. அதனால் வாளியோடு இறங்கியவர்கள் செய்ததுதான் சரியான முதல் வேலை. அள்ள முடிந்ததையெல்லாம் அள்ளிய பிறகு மிச்சத்துக்குத்தான் பாக்டீரியா.

சரி, அது பெருக என்ன வேண்டும்? இங்கேதான் அடுத்த தவறு. எண்ணெயில் கார்பன் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் உடம்பு கட்ட நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். வெறும் சோற்றை மலைபோல் குவித்துவிட்டுப் பருப்பை மறந்த கதைதான்.

1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் உரத்தைக் கரையின் ஒரு பகுதியில் மட்டும் தெளித்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று வாரங்களில் கறுத்த கூழாங்கற்களுக்கு நடுவே அந்தக் கட்டம் மட்டும் ஜன்னல் திறந்தது போல வெளுத்துத் தெரிந்தது. வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவும் சேர்க்கவில்லை, அங்கே இருந்தவையே செய்தன. அப்புறம் கடையில் விற்கும் பாக்டீரியாத் தயாரிப்புகளையும் அதே கரைகளில் சோதித்தார்கள். குறிப்பிடும்படியான கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

அதற்காக உரத்தை மூட்டை மூட்டையாகப் போட்டுவிடக் கூடாது. அளவு மீறினால் பாசி மண்டும், அம்மோனியா மீனைக் கொல்லும்.

எண்ணெயில் உள்ள எல்லாவற்றையும் ஆல்கனிவோராக்ஸ் தின்னும் என்று நம்புவதும் தவறு. எண்ணெயில் உள்ள, பல வளையங்கள் கொண்ட நச்சு வேதிப்பொருள்களைச் சிதைக்க சைக்ளோகிளாஸ்டிகஸ் போன்ற வேறு பாக்டீரியாக்கள் வேண்டும். தார் போன்ற பிசுக்கை எதுவும் லேசில் தொடாது. உப்புநீர் இல்லாமல் ஆல்கனிவோராக்ஸ் வாழாது என்பதால் மெக்கானிக் ஷெட் மண்ணுக்கும் வயலுக்கும் இது உதவாது.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு அவசரம். அலாஸ்காவில் கரை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சூடான நீரை அழுத்தத்தோடு பீய்ச்சினார்கள். எண்ணெயிலிருந்து தப்பியிருந்த சிப்பிகளும் கடற்பாசிகளும் அதில் வெந்துபோயின.

கண்ணுக்குத் தெரியாததைத் தீர்ந்துவிட்டதாக நினைப்பதும் அப்படித்தான். எண்ணெயைச் சிதைக்க இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். 12 ஆண்டுகள் கழித்து, 2001இல், அதே அலாஸ்கா கரைகளில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டினார்கள். மேலே கற்கள் சுத்தமாக இருந்தன. கீழே, காற்று புகாத சரளைக்குள் சில இடங்களில் எண்ணெய் இன்னும் ஈரமாகவே இருந்தது.